கறுப்புக்கு அடியில் இருந்த முறுக்கு: ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் நிறம் பார்த்த அனுபவம்

"தம்பி, குழல் மட்டும் திட்டுத்திட்டா இருக்கு. தேய்ச்சுக் கறுப்பாக்கிக் கொடுத்துட்டீன்னா சுவர்ல மாட்டிடுவேன்."

இப்படித்தான் அந்தத் துப்பாக்கி என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்த அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய தாத்தா வைத்திருந்த பொருள். 12 போர் (குழல் துளையின் அளவு), பக்கவாட்டில் ஒட்டிய இரட்டைக்குழல், வெளியே காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சுத்தியல்கள். உரிமம் அவர் பெயரில் இருப்பதால் என்னிடம் விட்டுவிட்டுப் போகவில்லை. நான் வேலை பார்த்த மூன்று மாலையும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் கண்ணாலேயே பார்த்ததால், "தேய்ச்சுக் கொடு" என்று வந்தவரிடம் ஏன் தேய்க்கக்கூடாது என்று நான் வாதாட வேண்டி இருக்கவில்லை.

நான் உடனே உப்புத்தாளைக் கையில் எடுக்காததற்குக் காரணம், முன்பு ஒருமுறை எடுத்துப் பட்டிருக்கிறேன். என்னுடைய சொந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழல் முழுக்க மரப்பட்டை நிறம். பழந்துரு என்று முடிவுகட்டி, இருப்பதிலேயே மெல்லிய ஸ்டீல் வுல்லில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். ஒரு சாண் நீளம் வெள்ளையாகப் பளிச்சிட்ட பிறகுதான், அந்தப் பழுப்பு முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருந்ததும், விரலுக்குக் கண்ணாடிபோல் வழுக்கியதும் மண்டையில் உறைத்தது. துரு அப்படி இருக்காது. அது செய்தவர் வேண்டுமென்றே ஏற்றிய பழுப்பு. நூறு வருடம் தாக்குப்பிடித்த மெருகை அரை மணி நேரத்தில் வழித்துப் போட்டுவிட்டேன்.

குழப்பத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. பழைய குழல்களில் மெருகு என்பதே துருதான். குழலின் எண்ணெய்ப்பசையை முழுக்க நீக்கி, அரிக்கும் கரைசல் ஒன்றை மெல்லப் பூசி, ஈரமான பெட்டிக்குள் வைத்துத் துருவேற விடுவார்கள். மேலே எழும்பும் தூளைத் துலக்கிவிட்டு மறுபடி பூசுவார்கள். இப்படிப் பல தடவை. வெந்நீர் காட்டாமல் விட்டால் பழுப்பு நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொதிநீரில் போட்டெடுத்தால் அந்தச் செந்துரு மாக்னடைட் என்கிற கறுப்பு ஆக்சைடாக மாறும். பத்துச் சுற்று முடியும்போது ஆழமான கருநீலம் கிடைக்கும். ஆக, செய்தவரின் துரு எது, காலத்தின் துரு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலையே. செய்தவரின் துரு இரும்பின் மேல் தோல்போல் ஒட்டிக்கிடக்கும். காலத்தின் துரு இரும்பைத் தின்றுகொண்டு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், நகத்தால் கீறினால் தூளாக வரும்.

முதல் மாலை கையில் கருவி எதுவும் எடுக்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறையும் காலி என்று நானும் பார்த்து, அவரையும் பார்க்கச் சொன்னேன். பழைய சுத்தியல் துப்பாக்கி என்றால் "அதுல என்ன இருக்கப்போகுது" என்ற அலட்சியம் வரும். வரக்கூடாது. முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் மாட்டியிருக்கும் சிறு மரக்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே பிரித்து, ஜன்னலோரம் பழைய பருத்தித் துணி விரித்து அதன்மேல் வைத்தேன். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டேன். வியர்வையில் உப்பு இருக்கிறது. கைரேகை அப்படியே துருவாகப் பதிந்த குழல்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் குழலிலும் இடப்பக்கம் நான்கு விரல் தடம் இருந்தது.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்இடி விளக்கின் கீழ் பழுப்பு சாம்பலாகத் தெரியும், கருநீலம் வெறும் கறுப்பாகத் தெரியும். மேகம் மூடிய பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக வருவதுதான் இதற்குச் சரி. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தை ஒப்பிட வசதி. டார்ச்சை நேராக அடிக்காமல் குழலோடு படுத்தவாக்கில் அடித்தால், மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து வரும்.

பார்த்ததில் முதலில் உறுத்தியது கறை இல்லை, கறை இல்லாத இடங்கள்தான். இந்த மாதிரி முன்கட்டை மெலிந்த துப்பாக்கியில் இடக்கை பெரும்பாலும் குழலையே பிடித்திருக்கும். அதனால் முன்கட்டைக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும், மெருகு தேய்ந்து இரும்பின் சாம்பல் நிறம் தெரிய வேண்டும். வாய் விளிம்பில் தேய வேண்டும், உறையில் போட்டெடுக்கும்போது உரசும் இடம் அது. கட்டையும் குழலும் சேரும் நடு எடையில், ஒரு கையில் தூக்கிப்போகும் இடத்தில் தேய வேண்டும். இங்கே அது எதுவும் இல்லை. கட்டையில் பிடிக்காக வெட்டியிருந்த கட்டம்போட்ட செதுக்கு கிட்டத்தட்ட வழுவழுப்பாகிவிட்டது. சுத்தியல்களின் முதுகில் இருந்த செதுக்குப் பூ பாதி அழிந்துவிட்டது. குழல் மட்டும் வாய் விளிம்பு வரை ஒரே மை கறுப்பு. கட்டைக்கு ஒரு வயது, குழலுக்கு ஒரு வயது.

"அப்ப குழல் மாத்தினதா?" என்றார் அண்ணன்.

நியாயமான சந்தேகம். ஆனால் குழலின் பின்முனைக்கு அடியில் உள்ள தட்டைப் பகுதியில் இருந்த வரிசை எண்ணும், முன்கட்டையின் இரும்பில் இருந்த எண்ணும், விசைக் காப்பின் வாலில் இருந்த எண்ணும் ஒன்றே. குழல் அதேதான். மேலே இருப்பது பிறகு வந்தது.

அடுத்து எழுத்துகள். மேல்பட்டியில், அதாவது இரண்டு குழலையும் மேலே சேர்க்கும் ரிப் என்கிற பட்டியில், செய்தவர் பெயர் செதுக்கியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தின் ஓரமும் கரைந்த சோப்புக்கட்டி போல உருண்டிருந்தது. சில எழுத்துகளின் முனைக்கோடு மறைந்தேவிட்டது. கையால் நீளவாக்கில் அரம் போட்டுச் சீவிய குழலில் இப்படி ஆகாது. சுழலும் துணிச்சக்கரத்தில் வைத்து மெருகேற்றினால் இப்படித்தான் ஓரம் வழியும். இன்னொரு சோதனையும் செய்தேன். ஜன்னல் கம்பியின் பிம்பம் குழலின் நீளத்துக்கும் விழும்படி பிடித்து மெல்லச் சாய்த்தால், கையால் சீவிய குழலில் அந்தக் கோடு நூல் பிடித்ததுபோல் போகும். இதில் நாலைந்து இடத்தில் நெளிந்தது. சக்கரம் தங்கிய இடத்தில் இரும்பு கூடுதலாகப் போயிருக்கிறது.

அண்ணனைக் கவலைப்படுத்திய திட்டுகளுக்கு இப்போதுதான் வந்தேன். மொத்தம் நான்கு வகை இருந்தது.

விரல் தடங்கள் மேலோட்டமானவை. வலக்குழலின் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்புத் திட்டு, அதில் நெருக்கமாக ஊசிமுனைக் குழிகள். எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். தோல் உறைக்குள், பல வருடம், அலமாரிக்கு மேலே. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட தோலில் அமிலத் தன்மையும் மிச்சமிருக்கும். உறை எங்கே அழுத்திக் கிடந்ததோ அங்கே திட்டு. உறையைக் கொண்டுவரச் சொல்லிப் பொருத்திப் பார்த்தோம். பித்தளைக் கொக்கியில் பச்சைக் களிம்பு, அதற்கு நேர் கீழேதான் திட்டு. ஆயுதத்தை உறையில் வைத்துப் பாதுகாப்பதாக நினைப்பவர்கள்தான் அதிகம். எடுத்துப்போவதற்குத்தான் உறை, வைத்திருப்பதற்கு இல்லை.

மூன்றாவது, முன்கட்டை மாட்டும் கொக்கியும் பின்முனைக்கு அடியில் உள்ள கட்டிகளும் கறுப்பாக இல்லாமல் முற்றிய நாவல்பழ நிறத்தில், லேசான செம்மையோடு இருந்தன. நான்காவது, கீழ்ப்பட்டி குழலோடு சேரும் கோட்டில், முடிபோல் மெல்லிய வெள்ளைப் பூப்பு. ஒரு விரல் நீளம் இருக்கும். தூசி என்று துடைத்தால் போய்விடும்போல இருந்தது. நான் துடைக்கவில்லை. அந்த நாவல்பழ நிறமும் இந்த வெள்ளைக் கோடும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்வதுபோல் தோன்றியது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாம் மாலை கரைப்பானில் தொடங்கினேன். எந்த நிறத்தையும் மெருகு என்றோ துரு என்றோ சொல்லும் முன், அது இரும்பின் நிறமா, மேலே காய்ந்த ஏதோவொன்றின் நிறமா என்று தெரிய வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் பழைய வார்னிஷும் வருடக்கணக்கில் காய்ந்தால் தேன் நிறத்துக்கு வரும், பழுப்பு மெருகு மாதிரியே கண்ணை ஏமாற்றும். பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு மேல்பட்டியின் ஓரத்தை உருட்டினேன். மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான், கறுப்பு அசையவில்லை. கட்டையின் மேல் அசிட்டோன் ஒரு சொட்டு விழுந்தாலும் மரத்தின் மெருகு போய்விடும். அதற்காகவும்தான் குழலைத் தனியே பிரித்தது.

கறுப்பு அசையவில்லை என்றால் மூன்று வாய்ப்பு. ஒன்று, நான் சொன்ன துரு நீலம். இரண்டு, பாட்டிலில் வரும் குளிர் நீலம். அதில் செலினியச் சேர்மமும் செம்பு உப்பும் இருக்கும். துடைத்த மாத்திரத்தில் கறுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், விளிம்புகளில் செம்புச் சாயல் காட்டும். துணியால் விறுவிறுவென்று தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் ஒருவித உலோக நெடி வரும். இதில் வரவில்லை. மூன்று, கொதிக்கும் உப்புத் தொட்டி. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதில் இரும்பை முக்கியெடுப்பது. அரை மணி நேரத்தில் பளபளவென்று ஒரே சீரான கறுப்பு. இது துப்பாக்கித் தொழிலில் பரவலானது 1930-களில் இருந்துதான். இந்த முறையில் இரும்பின் கலவை மாறினால் நிறமும் மாறும். சில வகை எஃகும் வார்ப்பும் கறுப்புக்குப் பதில் நாவல்பழச் செம்மை காட்டும். குழல் கறுப்பு, கொக்கியும் கட்டியும் செம்மை. இரும்பு வேறு வேறு.

ஒற்றைக்குழலுக்கு உப்புத் தொட்டி பெரிய பாவம் இல்லை. இரட்டைக்குழலுக்கு அது விஷம். ஏனென்றால் இரண்டு குழலையும் பட்டிகளோடு பிணைத்திருப்பது பற்றாசு. வெள்ளீயமும் ஈயமும் கலந்த, எளிதில் உருகும் பற்றாசு. கொதிக்கும் காரம் இரும்பை அவ்வளவாகத் தொடாது. வெள்ளீயத்தையும் ஈயத்தையும் கரைக்கும். பற்றாசு கரைந்த இடுக்கு வழியாகக் கரைசல் இரண்டு குழலுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்துக்குள் போய்விடும். வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே போனது உள்ளேதான். பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, இடுக்கு வழியாகக் கசிந்து, காய்ந்து, வெள்ளையாகப் பூக்கும்.

சந்தேகம்தான், நிரூபிக்க வேண்டும். காரமா அமிலமா என்று காட்டும் பிஎச் தாளில் ஒரு துண்டை வெட்டி, வாலை வடிநீரில் நனைத்து, வெள்ளைக் கோட்டின் மேல் இருபது விநாடி அழுத்திப் பிடித்தேன். அடர்நீலம். காரம். ஒப்பிடுவதற்காகக் குழலின் சுத்தமான இடத்திலும் ஒன்று வைத்தேன், அது மாறவில்லை. பற்றாசு வைக்கும்போது போட்ட அமிலப் பசை மிஞ்சியிருந்து கசிந்திருந்தால் தாள் சிவப்புப் பக்கம் போயிருக்கும், கோடும் வெள்ளையாக இல்லாமல் துருவாக இருந்திருக்கும். காஸ்டிக் சோடா நாளடைவில் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிவிடும். அதுவும் காரம்தான், வெள்ளைத்தூள்தான். அதனால் எத்தனை வருடம் ஆனாலும் இந்தச் சோதனை வேலை செய்யும். சில ரூபாய் பெறாத ஒரு காகிதத்துண்டு இவ்வளவு பேசும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் தட்டிப் பார்த்தேன். குழலின் அடிக்கட்டியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டினால், பட்டிகள் உறுதியாக ஒட்டியிருக்கும் குழல் மணிபோல் ஒலித்து இழுத்துக்கொண்டே போகும். இது வாய்ப்பக்கம் தட்டியபோது ஓரளவு ஒலித்தது. முன்கட்டைக் கொக்கிக்குப் பக்கத்தில் தட்டியபோது, விரிசல் விட்ட பானையைத் தட்டினதுபோல் சட்டென்று அடங்கிற்று. வெள்ளைக் கோடு இருந்ததும் அங்கேதான். அண்ணனே வாங்கித் தட்டிப் பார்த்தார். ஒரு தடவைக்கு நாலு தடவை. அவர் முகம் மாறியது அப்போதுதான்.

"இதைச் செஞ்சு கொடுத்தவங்க நல்லாத்தானே கொடுத்தாங்க. அப்பா இருந்தப்போ. புதுசு மாதிரி இருந்துச்சு."

இருந்திருக்கும். உப்புத் தொட்டிக் கறுப்பு முதல் நாள் பார்க்க அவ்வளவு அழகு.

இனி ஒரு கேள்விதான் மிச்சம்: கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது? இதற்குக் குழலைக் கொஞ்சம் தொட வேண்டும். முன்கட்டை மூடிவிடும் இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு மட்டும் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

சுற்றிலும் டேப் ஒட்டி, அசிட்டோனில் துடைத்து, வினிகரில் நனைத்த பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். துடைத்தபோது கறுப்பு கரைந்து மங்கின சாம்பல் நிறம் வந்தது. வெறும் இரும்பு, ஒரு கோலமும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. அடுத்து, மின்சுற்றுப் பலகை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடை வடிநீரில் நன்றாக நீர்க்கச் செய்து ஒரு சொட்டு வைத்தேன். பத்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு, ஈரச்சுவரில் பூசணம் படருவதுபோல, சாம்பலுக்குள் இருந்து சின்னச் சின்னச் சுருள்கள் எழுந்து வந்தன. பக்கம் பக்கமாக மூன்று சுருள் வரிசை, குழலின் மேல் சாய்வாகச் சுற்றிப் போகும் ஒரு நாடாவுக்குள். முப்பது விநாடியில் சோடா உப்புத் தண்ணீரால் அணைத்து, வடிநீரில் துடைத்து, காயவைத்து எண்ணெய் தொட்டேன்.

டமாஸ்கஸ் குழல். மூன்று கம்பி முறுக்கு.

அண்ணனுக்கு அந்தப் பெயர் புதிது. செய்முறையைச் சொன்னேன். இரும்பையும் எஃகையும் மாறி மாறி அடுக்கி, உலையில் பழுக்கவைத்து ஒட்டி, சதுரக் கம்பியாக இழுப்பார்கள். அந்தக் கம்பியைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்குவார்கள். அப்படி முறுக்கிய மூன்று கம்பிகளைச் சேர்த்து ஒட்டினால் ஒரு நாடா. அந்த நாடாவை ஒரு தண்டின் மேல் கொடிபோல் சுற்றி, மறுபடி பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அடித்து ஒரே குழலாக்கினால், துளைத்துச் சீவி எடுக்கும்போது ஒவ்வோர் அங்குலமும் கோலம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சுற்றிய வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதற்கென்றே குழல் கொல்லர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் செய்தார்கள். வார்த்து அழுத்திய ஒரே சீரான எஃகுக் குழல்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து இதை மெல்ல ஓரங்கட்டிவிட்டன. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த்தின் அழுத்திய எஃகு அதில் பேர்பெற்றது. பிறகு டமாஸ்கஸ் என்றாலே பலவீனம், பழசு என்ற பேச்சு பரவியது. பழுப்பும் வெள்ளையுமாகக் கோலம் தெரிவது கௌரவக் குறைவாகிவிட, கறுப்படித்து மூடியவர்களும் உண்டு. இந்தக் குழலுக்கு நடந்தது அதுவா, அல்லது தொட்டியில் போட்டவர் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே போட்டாரா, தெரிந்துகொள்ள வழியில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோலம் தெரிந்தாலே டமாஸ்கஸ் என்று நம்பிவிடக்கூடாது. சாதாரணக் குழலின் மேல் கோலத்தை அச்சாகப் பதித்து அமிலத்தில் அரித்து விற்ற காலமும் உண்டு. அந்தப் போலிக் கோலம் தோலோடு நிற்கும். தேய்த்தால் போய்விடும், பட்டிக்கு அடியிலும் அறைக்குப் பக்கத்திலும் சுற்றாது. நம்முடையது எதிர்த்திசையில் வந்தது. மேலே எதுவும் இல்லை, உள்ளேயிருந்து எழுந்தது.

மூன்றாம் மாலை முழுக்க அளவு. முதலில் முத்திரைகளைப் படித்தோம். குழலின் தட்டைப் பகுதியில் கிரீடத்துக்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோல். குழல் தாங்குமா என்று சுட்டுச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனை நிலையம் 1904 வரை போட்ட முத்திரை அது. சாய்சதுரத்துக்குள் 12-ம் அதற்குக் கீழே சி என்ற எழுத்தும். அந்த வகைக் குறி 1887-இல் வந்தது. ஆக, குழல் சோதனைக்குப் போனது அந்த 17 வருடத்துக்குள். உப்புத் தொட்டி பரவுவதற்குப் பல பத்தாண்டு முன்பு. மெருகு அசல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

பக்கத்தில் 13 என்று தனியே ஓர் எண் இருந்தது. அண்ணன் அதைத் தவறாக அடித்தது என்று நினைத்திருந்தார். அது தவறு இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் இத்தனை உருண்டை என்ற கணக்கில் வரும் துளை அளவு அது. 12 என்றால் 0.729 அங்குலம், 13 என்றால் 0.710. தோட்டா அறை 12 போர், ஆனால் குழலின் துளை சோதனையின்போது 13-க்கு உரிய அளவில் இறுக்கமாக இருந்தது என்று பொருள். அந்தக் காலத்தில் அது சாதாரணம்.

இப்போது பின்முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே துளைமானியை விட்டு அளந்தால் 0.724. இரண்டு குழலும் கிட்டத்தட்ட அதே. இரும்பு தானாகப் பெருக்காது. கரிமருந்துப் புகையின் உப்பும், தோட்டாவைப் பற்றவைக்கும் பழைய பொட்டாசியம் குளோரேட் கேப்புகள் விட்டுப்போகும் உப்பும் துளையில் குழி அரித்திருக்கும். யாரோ உள்ளே கல் போட்டுத் தேய்த்து அந்தக் குழிகளை எடுத்திருக்கிறார்கள். கண்ணாடிபோல் மின்னியதை நான் முதல் நாள் "உள்ளே நல்லா இருக்கு" என்று வேறு சொல்லியிருந்தேன். முத்திரையிட்ட அளவைவிட 10 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, சுமார் கால் மில்லிமீட்டர் பெருத்தாலே பிரிட்டிஷ் விதிப்படி பழைய சோதனை செல்லாது. இது 14 தௌ.

உள்ளேயும் தேய்த்தாயிற்று, வெளியேயும் சக்கரத்தில் தேய்த்தாயிற்று. நடுவில் என்ன மிச்சம்? சுவர்த்தடிமன் அளக்கும் கருவியில் குழலை மாட்டி, மெல்லச் சுற்றிச் சுற்றி, விரற்கடைக்கு ஒன்றாக அளந்து தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். வலக்குழலில் மிகக் குறைந்தது 0.64 மில்லிமீட்டர். இடக்குழலில் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி 0.53. ஜன்னல் கம்பியின் பிம்பம் முதல் நாள் நெளிந்த இடங்களில் அதுவும் ஒன்று. பழந்துப்பாக்கி பார்ப்பவர்கள் பலர் 0.5 மில்லிமீட்டரைத் தொட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முடியளவு மேலே நிற்கிறோம்.

இனி அந்தக் குழலில் ஒரே ஒரு முறை முழு மெருகு போட்டாலும் அந்த முடியளவும் போய்விடும். கறுப்பை நீக்கி, சீவி, டமாஸ்கஸ் கோலத்தை முறைப்படி வெளிக்கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு இரண்டு பட்டியையும் பிரித்து, உள்ளே தேங்கிய உப்பைக் கழுவி, புதிதாக ஈயம் பூசி, குழல்களை நேராக நிறுத்திப் பற்றாசு வைக்க வேண்டும். அது குழல் வேலையே தொழிலாக உள்ளவர் செய்வது; என் மேசையில் நடக்காது. நான் கொதிநீரில் போட்டுத் துரு மாற்றலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பட்டி திறந்த குழலைத் தண்ணீரில் போடுவது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் உப்புக்கு விருந்து வைப்பது.

சுட்டுப் பார்க்கும் எண்ணம் அண்ணனுக்கு ஒரு ஓரத்தில் இருந்தது போலும். எண்களைக் காட்டியதும் அவரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

செய்த வேலை என்று பார்த்தால் கடைசியில் ரொம்பக் குறைச்சல். தோல் உறைத் திட்டில் மெல்லிய எண்ணெய் தொட்டு இரண்டு நாள் ஊறவைத்து, செப்புத் தகட்டின் மழுங்கின ஓரத்தால் துருவை மட்டும் சுரண்டினேன். செம்பு இரும்பைவிட மென்மை, அதனால் கறுப்பைக் கீறாது. குழிகள் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும். விரல் தடங்களும் எண்ணெயில் பாதி மங்கின. வெள்ளைக் கோட்டை வடிநீர் தொட்டுப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் சிறுகச் சிறுக எடுத்து, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் நன்றாகக் காயவைத்தேன். குழல் முழுக்க அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லப் பூசித் துடைத்தேன். கீழ்ப்பட்டிக் கோட்டில் மட்டும் மெழுகு வைக்கவில்லை. மூடிவிட்டால் கசிவு நின்றதா, உள்ளேயே தேங்குகிறதா என்று தெரியாது.

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் அதே இடத்தில் ஈரமான பிஎச் தாளை வைத்தேன். பழைய அடர்நீலம் இல்லை, ஆனாலும் பச்சைக்கு மேலே நீலச்சாயல். கொக்கிக்கு வலப்பக்கம் அரை விரற்கடை நீளம் மறுபடி லேசாகப் பூத்திருந்தது. உள்ளே இன்னும் இருக்கிறது. பட்டியைத் திறப்பதா, இப்படியே மாதம் ஒருமுறை துடைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுவதா என்று பேசினோம். இப்போதைக்குத் துடைப்பது என்று முடிவு. துப்பாக்கி தோல் உறையில் இல்லை, சுவரிலும் இல்லை. பூட்டிய இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளோடு, வாய் கீழ்நோக்கி நிற்கிறது. எண்ணெய் கட்டைக்குள் இறங்காமல் இருக்க அப்படி.

கிளம்பும்போது சோதனைக்காகத் திறந்த அந்த நகம் அளவு இடத்தைக் குளிர் நீலம் தொட்டு மறைத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பேரன் வந்தால் முன்கட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டுமாம். அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு கை மெழுகு தடவி, முன்கட்டையை மாட்டிக் கொடுத்தேன்.